அக்காரவடிசல்: பால் திரியாமல், அரிசி விறைக்காமல் செய்யும் முறை

சென்ற கூடாரவல்லிக்கு வீட்டில் அக்காரவடிசல் செய்தபோது வெல்லப் பாகை ஊற்றிய கணத்திலேயே பால் திரிந்துபோனதாகவும், அடுத்த முறை அதற்குப் பயந்து வெல்லத்தை முதலிலேயே சேர்த்ததில் அரிசி எவ்வளவு நேரம் கொதித்தும் விறைப்பு நீங்காமல் நின்றுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் என்ன வேறுபாடு, குக்கரில் செய்யலாமா, வரும் மார்கழியில் 25 பேருக்குச் செய்வதென்றால் அளவை எப்படிக் கூட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றே. வெல்லம் சேரும் நேரம் இரண்டு முறையும் தவறியிருக்கிறது, ஒரு முறை வெப்பத்தால், ஒரு முறை வரிசையால். அதை விளக்கிவிட்டால் மற்றவை தாமே பிடிபடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம், ஏனென்றால் செய்முறையின் பாதி அதிலேயே இருக்கிறது. அக்காரம் என்றால் வெல்லம் அல்லது சர்க்கரை. அடிசில் என்றால் சமைத்த சோறு. இரண்டும் சேர்ந்த அக்கார அடிசில்தான் பேச்சில் தேய்ந்து அக்காரவடிசல் ஆனது. ஆண்டாள் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா நிறைய அக்கார அடிசிலும் படைப்பதாக நேர்ந்துகொண்டதை நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறாள். தடா என்பது பெரிய பானை. அந்த நேர்ச்சையைப் பிற்காலத்தில் இராமானுசர் நிறைவேற்றினார் என்பதும், அதன் பின் அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்பதும் வைணவ மரபில் வழங்கும் செய்தி. மார்கழி 27ஆம் நாள், அதாவது பெரும்பாலும் ஜனவரி 11ஐ ஒட்டி வரும் கூடாரவல்லியன்று பல பெருமாள் கோயில்களில் இது நிவேதனம் ஆவது இந்தத் தொடர்ச்சியால்தான். அன்றைக்கு உரிய திருப்பாவைப் பாசுரத்தில் பால் சோறு மறையும்படி நெய் பெய்து, அது முழங்கை வழியே வழிய உண்போம் என்கிறாள் ஆண்டாள். இதை நான் ஒரு சமையல் குறிப்பாகவும் படிப்பதுண்டு. கையில் எடுத்தால் முழங்கைக்கு வழிய வேண்டுமென்றால் பண்டம் உருண்டையாகப் பிடிபடும் கெட்டியில் இருக்க முடியாது. இளகி, சரிந்து, நெய் மிதக்கும் பதத்தில்தான் இருந்தாக வேண்டும்.

சர்க்கரைப் பொங்கலிலிருந்து இது பிரியும் இடமும் அதுவே. பொங்கலில் அரிசியும் கணிசமான பாசிப்பருப்பும் பெரும்பாலும் தண்ணீரிலேயே வேகின்றன; பால் சேர்த்தாலும் அது சுவைக்காகத்தான். அக்காரவடிசலில் அரிசி முழுக்க முழுக்கப் பாலிலேயே வேக வேண்டும்; பருப்பு பெயருக்கு ஒரு பிடி, சில வீடுகளில் அதுவும் கிடையாது. அரிசியைத் தண்ணீரில் குழைய வேகவைத்து, பிறகு பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அதை அக்காரவடிசல் என்று பரிமாறுகிறவர்கள் உண்டு. உண்பதற்கு நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு பண்டம். அரிசி தன் வயிற்றை ஏற்கெனவே தண்ணீரால் நிரப்பிக்கொண்டுவிட்டதால் பின்னர் ஊற்றும் பால் அதைச் சுற்றி நிற்குமே தவிர உள்ளே போகாது. பாயசம் என்ற சொல் பாலைக் குறிக்கும் பயஸ் என்பதிலிருந்தும், வடக்கே சொல்லும் கீர் என்பது அதே பாலைக் குறிக்கும் க்ஷீரம் என்பதிலிருந்தும் வந்தவை. இந்தியாவின் அரிசிப் பாயசங்களில் பலவற்றுக்கு அடிப்படை பாலைச் சுண்டவைப்பதுதான். வெல்லமோ சர்க்கரையோ அதன்மேல் ஏறுவது.

இனிப் பொருள்கள். தாராளமாக ஆறு, ஏழு பேர் உண்ணும் அளவுக்குப் பச்சரிசி 100 கிராம், பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, பால் 1 லிட்டர், அது தவிரக் கைவசம் 250 மில்லிலிட்டர், பொடித்த வெல்லம் 200 முதல் 225 கிராம், நெய் 75 முதல் 100 மில்லிலிட்டர், ஏலக்காய் நான்கு, முந்திரி பத்துப் பன்னிரண்டு, உலர்திராட்சை ஒரு கைப்பிடி, பச்சைக் கற்பூரம் கடுகளவு. குங்குமப்பூ இருந்தால் நான்கைந்து இழை போதும். இல்லாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. நெய்யின் அளவைப் பார்த்து மலைக்காதீர்கள். அதைப் பாதியாகக் குறைத்தால் பண்டம் கெடாது, ஆனால் ஆறியதும் விரைவில் இறுகும், நாக்கில் மாவுத்தன்மை தட்டும்.

அரிசி பச்சரிசியாகவே இருக்க வேண்டும். புழுங்கலரிசியின் மாவுச்சத்து நெல்லாக இருக்கும்போதே ஒருமுறை வெந்து இறுகியது. அதனால் அது வேகும், ஆனால் கரையாது. பாஸ்மதி போன்ற நீள அரிசி பருக்கை பருக்கையாகப் பிரிந்து நிற்பதற்கென்றே பெயர் பெற்றது. நமக்கோ அதற்கு நேர்மாறான குணம் வேண்டும். கடையில் சற்றுக் குட்டையும் பருமனுமாக, மாவுப் பச்சரிசி என்று கேட்டால் கொடுப்பது இதற்கு மிகப் பொருத்தம். புது அரிசி கிடைத்தால் இன்னும் நல்லது. சாதத்துக்குக் குழைந்துவிடுகிறது என்று நாம் ஒதுக்கும் புது அரிசிக்கு இங்கே மதிப்பு உண்டு. சீரகச் சம்பாவின் பச்சரிசி கிடைக்குமானால் மணம் தனியாக நிற்கும், ஆனால் குழைய இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

பாலில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு, 9 சதவீதக் கொழுப்பற்ற திடப்பொருள் என்று அச்சிட்டிருக்கும் நிறைகொழுப்புப் பாலை வாங்குங்கள். 3 சதவீதக் கொழுப்புள்ள சமன்படுத்திய பாலிலும் செய்யலாம். அதை அதிக நேரம் சுண்டவைக்க வேண்டியிருக்கும், அடிப்பிடிக்கும் வாய்ப்பும் அதனால் கூடும். கொழுப்பைக் காட்டிலும் முக்கியம் பால் புதிதாக இருப்பது. முந்தைய நாள் காய்ச்சி வைத்த பால் காபிக்குக் கெடவில்லை என்பதற்காக இதற்கும் கெடாது என்று நம்பக் கூடாது. சற்றே புளிப்பை நோக்கி நகர்ந்த பால் ஒரு மணி நேரக் கொதியையும் வெல்லத்தையும் சேர்த்துத் தாங்காது. கெட்டித்தன்மைக்கென்று டப்பாவில் வரும் இனிப்பூட்டிய சுண்டிய பாலைச் சேர்ப்பது இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது வெல்லத்தின் சுவைக்கு முன்னால் நின்று மறைக்கிறது என்பது ஒரு காரணம். அதில் இருக்கும் சர்க்கரை, அரிசி வேகும் முன்னரே உள்ளே போய்விடுகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வெல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பால் திரிந்ததற்கு அதுவும் ஒரு பொறுப்பாளி. கரும்புச் சாற்றில் இயல்பாகவே சில அமிலங்கள் உண்டு. காய்ச்சி வெல்லமாக்கிய பிறகும் அவற்றில் கொஞ்சம் தங்கும். அச்சு வெல்லமோ உருண்டை வெல்லமோ, பழசாகி, மழைக்காலத்து ஈரத்தில் கசிந்திருந்தால் புளிப்பு இன்னும் ஏறியிருக்கும். வெளிர் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தை நான் வாங்குவதில்லை. நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸ் என்று சந்தையில் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. நல்ல செம்பழுப்பில், உடைத்தால் உள்ளே மணல்போல் மின்னுகிற வெல்லமாகப் பார்த்து, வாங்கும் முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம். அந்தக் கரிப்பு பாலில் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

இப்போது திரிதலுக்கு வருவோம். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் மிக நுண்ணிய உருண்டைகளாக ஒன்றையொன்று விலக்கி மிதந்துகொண்டிருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. புளிப்பு ஏறினால் அந்த விலக்கம் குறைந்து உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பத்தில் இதற்கு நிறையப் புளிப்பு வேண்டும். மோரும் எலுமிச்சையும் செய்யும் வேலை அது. ஆனால் கொதிக்கும் பாலில் மிகச் சிறிதளவு புளிப்பே போதும். வெல்லத்தில் இருக்கும் புளிப்பும் தாது உப்புகளும் ஆறிய பாலை ஒன்றும் செய்யாமல், கொதிக்கும் பாலை மட்டும் திரித்துவிடுவது இதனால்தான். நீங்கள் தளதளவென்று கொதிக்கும் பாலில், அதுவும் அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு பாகை ஊற்றியிருக்கிறீர்கள். பால் நீர்க்கவும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அரிசி நன்றாகக் கரைந்து அதன் மாவுச்சத்து பாலோடு கலந்து கூழாகிவிட்டால், அந்தக் கூழ் புரதங்களுக்கு இடையே புகுந்து அவை எளிதில் சேரவிடாது. அரிசி ஒருபுறமும் பால் ஒருபுறமுமாக நிற்கும் நிலையில் அந்தக் காப்பு கிடைக்காது.

இரண்டாவது தோல்விக்கு வெல்லத்தின் இன்னொரு குணம் காரணம். சர்க்கரை எந்த வடிவில் இருந்தாலும் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி ஊதினால்தான் வேகும். பக்கத்தில் வெல்லம் இருந்தால் அரிசிக்குப் போக வேண்டிய நீர் அதனிடம் சிக்கிக்கொள்கிறது. முக்கால் வேக்காட்டில் வெல்லம் சேர்த்தால் அதற்குமேல் எவ்வளவு கொதித்தாலும் நடுவே ஒரு முள் நிற்கும். வெல்லம் சேர்த்த பிறகு அரிசி வேகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது மிகையல்ல.

ஆகவே வரிசை இதுதான். அரிசியையும் பருப்பையும் களைந்து, நீரை ஒட்ட வடித்து, ஒரு துணியில் பரப்பிப் பத்து நிமிடம் உலரவிடுங்கள். அடி கனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி நெய்யை விட்டு, முதலில் பருப்பை வாசனை வரும்வரை வறுத்து, பிறகு அரிசியைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, இரண்டையும் எடுத்து வையுங்கள். அரிசி சிவக்கக் கூடாது. சூடேறி, கையில் எடுத்தால் சரசரவென்று இருந்தால் போதும். அதிகம் வறுத்தால் வேகத் தாமதமாகும்.

பாத்திரம் வெண்கல உருளியாகவோ வெண்கலப் பானையாகவோ இருந்தால் அதற்கு ஈடு இல்லை, சூடு அடியில் ஒரே இடத்தில் குவியாமல் பரவும். அது இல்லாவிட்டால் அடி தடித்த எவர்சில்வர் பாத்திரம் போதும். பித்தளை என்றால் ஈயம் பூசியதாக இருக்க வேண்டும். பாத்திரத்தில் முதலில் இரண்டு கரண்டி தண்ணீரை ஊற்றி, அது சூடானதும் பாலை ஊற்றினால் பால் நேராக அடியில் படிந்து பிடிப்பது குறையும். 1 லிட்டர் பாலுக்கு 3 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் பொங்கி வழியுமோ என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பால் பொங்கியதும் தீயை மிகச் சிறிதாக்கி, அரிசியையும் பருப்பையும் சேருங்கள். இனிச் சுமார் 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை உங்கள் வேலை கிண்டுவதுதான். முதல் அரை மணி நேரத்தில் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளறினால் போதும். பால் கெட்டிப்பட்ட பிறகு கரண்டியைக் கீழே வைக்கவே கூடாது. ஓரத்தில் படியும் ஏட்டை அவ்வப்போது வழித்து உள்ளேயே தள்ளுங்கள், சுவையில் கணிசமான பங்கு அந்த ஏட்டில்தான் இருக்கிறது. பாலின் வெண்மை மெல்ல மங்கிச் சந்தன நிறத்துக்கு வருவதைக் காண்பீர்கள். பாலின் புரதமும் அதன் இயல்பான சர்க்கரையும் நீண்ட சூட்டில் சேர்ந்து தரும் நிறம் அது. கேரளத்தில் அம்பலப்புழைப் பால் பாயசத்துக்கு வெல்லமே சேர்க்காமல், வெள்ளைச் சர்க்கரையிலேயே ஓர் இளஞ்சிவப்புச் சாயல் வருவதற்கும் பல மணி நேரம் சுண்டுவதே காரணம்.

அரிசி வெந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான்கைந்து பருக்கைகளை உள்ளங்கையில் எடுத்து, கட்டைவிரலால் ஒரு பக்கமாக இழுத்துப் பாருங்கள். தடமே தெரியாமல் வெண்ணெய்போல் தேய்ந்துவிட்டால் வெந்தது. இழுத்த இடத்தில் ரவைபோல் ஒன்றிரண்டு தட்டுப்பட்டால் இன்னும் பத்து நிமிடம் வேண்டும். நன்றாக வெந்ததும் கரண்டியின் பின்புறத்தாலோ மரமத்தாலோ பாத்திரத்தின் சுவரோடு சேர்த்து மசித்துவிடுங்கள். பாதிப் பருக்கை கரைந்தும் பாதி உருத் தெரிந்தும் இருப்பது என் விருப்பம். முழுவதும் மசிந்தால் கூழாகிவிடும். இப்போது கலவை தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிட இறுகியிருந்தால் தனியே வைத்த பாலைச் சூடாக்கி, வேண்டிய அளவு இப்போதே சேர்த்து ஒரு கொதி விடுங்கள். வெல்லம் போட்ட பிறகு பால் ஊற்றி இளக்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். புதிதாக ஊற்றும் அந்தப் பாலுக்கு மாவுச்சத்தின் காப்பு உடனே கிடைக்காது, திரிவது பெரும்பாலும் அந்தப் பால்தான்.

கலவை இந்த நிலைக்கு வரும் முன்னரே பக்கத்து அடுப்பில் வெல்லத்தைச் சுமார் 75 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, மண்ணும் சக்கையும் போக வடிகட்டி வைத்துவிடுங்கள். கம்பிப் பதம் எதுவும் தேவையில்லை. வடிகட்டியதை மீண்டும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, தேன்போல் லேசாகக் கொழகொழத்ததும் இறக்கி ஆறவிடுங்கள். வெல்லத்தின் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி கொதிக்கும் பாலை எடுத்து அரைக் கரண்டிப் பாகைக் கலந்து பாருங்கள். மணல்போல் துகள் துகளாகப் பிரிந்தால் அது புளிப்பேறிய வெல்லம். அதைக் கைவிடுங்கள், அல்லது இன்னும் நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள். ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் திரியாது என்பது உண்மைதான், அது புளிப்பை முறித்துவிடும். ஆனால் கை சற்றுக் கூடினாலும் சவுக்காரச் சுவை வந்து ஒரு லிட்டர் பாலும் வீணாகும். நான் அதைச் செய்வதில்லை.

அடுப்பை அணைத்து, பால் சோற்றை ஏழெட்டு நிமிடம் விடுங்கள். கொதி அடங்கி, ஆவி மட்டும் மெல்ல எழும் நிலை வரட்டும். பாகும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். இப்போது ஒரு கை பாகைச் சிறு தாரையாக ஊற்ற, மறு கை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்தவுடன் கலவை நீர்த்துப்போகும். பதம் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம், வெல்லம் சேர்ந்தால் அப்படித்தான் இளகும். முழுதும் கலந்த பிறகு மீண்டும் மிகச் சிறு தீயில் ஏற்றி, நெய்யை ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று நான்கு தவணையாக விட்டு, எட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். தளதளக்க வேண்டாம், ஓரங்களில் சிறு குமிழி வந்தால் போதும். இந்தக் கட்டத்தில் பால் தனியாக இல்லாமல் சோற்றோடு கூழாகிவிட்டதால் மீண்டும் சூடேற்றுவதில் ஆபத்து மிகக் குறைவு. கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் ஒட்டிக்கொண்டு நிற்காமல் மடிப்பு மடிப்பாகச் சரிய வேண்டும், ஓரத்தில் நெய் மினுமினுத்துப் பிரிய வேண்டும். அதுதான் இறக்கும் நேரம். ஆறும்போது இன்னும் ஒரு படி இறுகும் என்பதை மனத்தில் வைத்து, சற்று இளக்கமாகவே இறக்குங்கள்.

வங்காளத்துப் பாயேஷ் செய்முறையை அறிந்தவர்களுக்கு இந்த இறக்கி ஆற்றும் கட்டம் புதிதாக இருக்காது. அங்கே 2017இல் புவிசார் குறியீடு பெற்ற கோபிந்தோபோக் என்ற சிறுமணி அரிசியைப் பாலில் வேகவைத்து, குளிர்காலத்தில் ஈச்சம் பனையிலிருந்து இறக்கும் நோலேன் குட் என்ற புது வெல்லத்தைச் சேர்ப்பார்கள். அதையும் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு தணிந்த பிறகே சேர்ப்பது வழக்கம். மரமும் மண்ணும் வேறாக இருந்தாலும் கொதிக்கும் பாலுக்கும் வெல்லத்துக்கும் உள்ள பகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மீதி நெய்யில் முந்திரியைப் பொன்னிறமாகவும், திராட்சையை உப்பும்வரையும் வறுத்து, நெய்யோடு மேலே கொட்டுங்கள். ஏலக்காயைப் பொடித்து, அதோடு கடுகளவு பச்சைக் கற்பூரத்தை விரலால் கசக்கிக் கலந்து, கடைசியில் தூவிக் கிளறிவிட்டு மூடிவிடுங்கள். தனியாகப் போட்டால் பச்சைக் கற்பூரம் ஒரே இடத்தில் தங்கி, அந்தக் கரண்டி யாருக்குப் போகிறதோ அவருக்குக் கசக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பூசைக்கு ஏற்றும் சூடம் வேறு, உண்ணும் பச்சைக் கற்பூரம் வேறு. உணவுக்கென்று விற்பதை மட்டும் வாங்குங்கள். உண்ணத் தகுந்ததே ஆனாலும் அளவு மீறினால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது நஞ்சாகும். பந்தியில் சிறு குழந்தைகள் இருந்தால் நான் அதைச் சேர்ப்பதே இல்லை. ஏலக்காயும் குங்குமப்பூவும் போதும்.

குக்கரில் செய்யலாமா என்ற கேள்விக்கு, செய்யலாம், ஆனால் பாதி வேலைக்கு மட்டும் என்பது என் பதில். பாலை நேராகக் குக்கரில் ஊற்றினால் நுரைத்து எழுந்து விசிலின் துவாரத்தை அடைக்கும், அடியும் பிடிக்கும். ஆகவே குக்கருக்குள் வைக்கும் பாத்திரத்தில் 100 கிராம் அரிசி, பருப்பு, காய்ச்சிய பால் அரை லிட்டர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அது பாதிக்குமேல் நிரம்பாதபடி பார்த்து, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 20 நிமிடம் வையுங்கள். ஆவி தானே அடங்கிய பிறகு திறக்க வேண்டும். அதற்குள் மீதிப் பாலை வேறு அடுப்பில் மூன்றில் இரண்டு பங்காகச் சுண்டவைத்து, வெந்த சோற்றை அதில் மசித்துச் சேர்த்து, ஒரு கால் மணி நேரம் கிளறி, பிறகு முன்சொன்னபடி இறக்கி ஆற்றி வெல்லம் சேருங்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நிறமும் சுண்டிய பாலின் வாசனையும் கொஞ்சம் குறையும். அலுவலகம் போகிற நாளில் அந்த இழப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

ஒருவேளை மீண்டும் திரிந்துவிட்டால் கொட்டிவிடாதீர்கள். திருமணமான புதிதில் இரண்டு லிட்டர் பாலில் செய்து, கொதிக்கக் கொதிக்கப் பாகை ஊற்றி, நீர் வேறு பால் வேறாகப் பிரிந்து நின்றதைப் பார்த்துக் கண் கலங்கியவள்தான் நானும். என் மாமியார் ஒன்றும் சொல்லாமல் தீயைக் கூட்டி, இன்னும் இரண்டு கரண்டி நெய்யை விட்டு, நீர் முழுக்க வற்றும்வரை கிளறி இறக்கினார். திரட்டுப்பாலும் பொங்கலும் சேர்ந்ததுபோல் ஒன்று வந்தது. விருந்தினர் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். மாமியார் சிரித்துக்கொண்டே அடுத்த கரண்டியைப் பரிமாறினார். திரிந்தது என்றால் கெட்டது என்று பொருளல்ல, புரதம் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பால் முதலிலேயே கெட்டிருந்து திரிந்தது என்றால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அதை உண்ண வேண்டாம்.

செய்த அன்றே உண்பது உத்தமம். இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்காமல் மீதியைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளுக்கும் தாங்கும். மறுநாள் அது கெட்டியான கட்டியாக இருக்கும். ஆறிய சோற்றின் மாவுச்சத்து மீண்டும் இறுகுவதன் விளைவு அது. நேரடித் தீயில் வைக்காமல், கொதிக்கும் நீருள்ள அகன்ற பாத்திரத்துக்குள் இந்தப் பாத்திரத்தை வைத்து, காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்துக் கிளறினால் பழைய பதத்துக்குத் திரும்பும்.

கடைசியாக 25 பேருக்கான அளவு. அரிசி, பருப்பு, வெல்லம், நெய் இவற்றை நான்கு மடங்காக்கலாம்: அரிசி 400 கிராம், வெல்லம் 800 முதல் 900 கிராம், நெய் 300 முதல் 400 மில்லிலிட்டர். பாலை அதே கணக்கில் கூட்டினால் தளர்ந்து ஓடும். பாத்திரம் பெரிதாகும்போது பாலின் அளவுக்குத் தக்கபடி மேற்பரப்பு விரிவதில்லை, அதனால் ஆவியாகிப் போகும் பங்கு குறையும். நான்கு மடங்கு அரிசிக்கு மூன்றரை லிட்டரில் தொடங்கி, ஒரு லிட்டரைச் சூடாகத் தயாரில் வைத்துக்கொண்டு, மசித்த பிறகு பதம் பார்த்துச் சேருங்கள். நேரம் இரண்டு மணிக்குக் குறையாது, கிண்ட இன்னொருவர் துணை வேண்டும். பெரிய பாத்திரம் சூட்டை எளிதில் விடாது என்பதால், வெல்லம் சேர்க்கும் முன் ஆற்றும் நேரத்தை ஏழெட்டு நிமிடத்திலிருந்து கால் மணிக்குமேல் நீட்டுங்கள். பச்சைக் கற்பூரத்தை மட்டும் நான்கு மடங்காக்காதீர்கள். இரண்டு கடுகளவு அத்தனைக்கும் போதும்.